வண்ணப் பெட்டியில் சிவப்பு இல்லை

1991 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை எங்கள் வீட்டில் நடந்தவை எந்த ஞாயிற்றுக்கிழமையும் நடப்பவைதான். அம்மா வாசல் தெளித்துவிட்டு அடுப்பு மூட்டினாள். அப்பா மாட்டுக் கொட்டத்தில் சாணி அள்ளிப் போட்டுவிட்டு, பசுவையும் மயிலையையும் வெளியே கொண்டுவந்து வேப்பமரத்தடியில் கட்டினார். நான் பஞ்சாயத்துக் குழாயடிக்குப் போய்க் குடம் வைத்து இடம் பிடித்தேன். தண்ணீர் வந்ததும் அம்மா வந்து சுமந்து போனாள். பிறகு கம்மங்கூழ், கடித்துக்கொள்ள வெங்காயம். வானம் வெளுத்துக் கிடந்தது. மழையைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசி அலுத்திருந்தார்கள்.

மயிலை எங்கள் உழவு மாடு. சாம்பல் ஓடிய வெள்ளை நிறம். எங்கள் பக்கம் அந்த நிறத்துக்கே மயிலை என்றுதான் பெயர். இடது கொம்பு கொஞ்சம் முன்பக்கம் சரிந்திருக்கும். நுகத்தடி பட்டுப் பட்டுக் கழுத்தில் முடி போய்த் தோல் காய்த்திருக்கும். அதன் ஜோடி அந்தச் சித்திரையில் பாம்பு கடித்துச் செத்துப்போனது. ஒற்றை மாட்டை வைத்து உழ முடியாது. ஆவணி உழவை அப்பா வாடகை டிராக்டரில் முடித்துவிட்டார். மயிலை மரத்தடியில் சும்மா நின்று கூளம் தின்றது. படப்பில் வைக்கோல் குறையக் குறைய அம்மாவின் பேச்சும் குறைந்தது. அந்த வாரம் முழுக்க மயிலையைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"பசு பால் கறக்குது. இது என்ன கறக்குது?"

அன்று மாட்டு யாவாரி வருவதாக இருந்தது. அதை என்னிடம் மறைக்கவில்லை. மயிலை கமுதிப் பக்கம் ஒரு சம்சாரி வீட்டுக்கு உழவுக்குப் போகிறது, அங்கே கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, பச்சைப்புல் கிடக்கிறது என்று அப்பா முந்தின நாளே சொல்லியிருந்தார். மயிலைக்கு நல்ல காலம் என்று நினைத்தேன். என் கவலை வேறு. திங்கட்கிழமை டீச்சரிடம் மயிலையின் படத்தைக் கொடுத்தாக வேண்டும். மாடு போவதற்குள் முடித்தாக வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்பு. டீச்சர் அந்த வருஷம்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மிருகங்கள் வரையச் சொல்லிக்கொடுத்தார். முதலில் யானை. பெரிய வட்டத்தோடு சின்ன வட்டத்தைச் சேர்த்து, நான்கு தூண்களை நிறுத்தச் சொன்னார். எங்களில் பாதிப்பேர் யானையை நேரில் பார்த்ததில்லை. தும்பிக்கை முளைத்த பன்றிகள் முப்பது அவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த வாரம் சேவல். வகுப்பில் வண்ணப் பெட்டி வைத்திருந்தது நான் ஒருத்திதான். திருச்சுழித் தேரோட்டத்தில் அப்பா வாங்கித் தந்தது. சேவல் கொண்டைக்கென்று வகுப்பே கூடி என் பெட்டியின் சிவப்பு வில்லையைத் தேய்த்துத் தீர்த்தது.

அதற்கடுத்த வாரம் வெள்ளாடு. எல்லோரும் ஆட்டுக்கு நான்கு கால்களையும் ஒரே வரிசையில், பெஞ்சுக்கு வைப்பதுபோல் வைத்திருந்தோம். டீச்சர் நோட்டுகளை மூடச் சொல்லி எங்களை வெளியே கூட்டிப்போனார். பள்ளிக்கூட வேலியோரம் யாரோ ஒரு ஆட்டைக் கட்டியிருந்தார்கள்.

"எத்தனை கால் தெரியுது?"

"நாலு டீச்சர்."

"எண்ணிச் சொல்லுங்க."

எண்ணினோம். மூன்றுதான் தெரிந்தது. ஒருத்தன் குனிந்து வயிற்றுக்கடியில் பார்த்துவிட்டு, "இன்னொன்னு அந்தப் பக்கம் மறைஞ்சிருக்கு டீச்சர்" என்றான்.

"மறைஞ்சிருக்கிறதை வரையாதே. உனக்குத் தெரிஞ்சதை வரையாதே. உன் கண்ணுக்குத் தெரியுறதை மட்டும் வரை."

"அப்ப எங்க ஆடு நொண்டியா டீச்சர்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். டீச்சரே சிரித்துவிட்டார். ஆனால் டீச்சர் சொன்னது எனக்குப் பிடித்துப்போனது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை நான். இன்றும் அப்படித்தான் இருக்கிறேன். ஒரு ஆலையில் கணக்குப் பார்க்கிறேன், தினமும் டைரி எழுதுகிறேன். கண்ணில் பட்டதை மட்டும்தான் எழுதுகிறேன்.

கடைசியாக, அவரவர் வீட்டில் நிற்கிற ஒன்றைப் பார்த்து வரைந்து வண்ணம் தீட்டி வரச் சொன்னார். அதைத்தான் நான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கவிழ்த்துப் போட்ட அன்னக்கூடைமேல் அட்டையை வைத்துக்கொண்டு, வேப்பமரத்துக்கு எதிரே உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன்.

வெயில் ஏறும் முன்னே யாவாரி வந்தார். சைக்கிளில் நீல நைலான் கயிற்றுச் சுருணை, ஒரு துணிப்பை. அப்பாவைவிட மூத்தவர். ஆனாலும் அப்பாவை அண்ணாச்சி என்றார். உழவுக்கு மாடு வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாயைப் பிளந்து பல் பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். இவர் மயிலையின் பின்சப்பையை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார். விலா எலும்பின்மேல் விரலை ஓட்டினார். அவ்வளவுதான். மாடு இடத்தைவிட்டு அசையாமல் நின்றது எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு இருவரும் கைகளைச் சேர்த்து, மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரல் பிடித்து விலை பேசினார்கள். துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் நான் கொம்பை வரையப் போய்விட்டேன்.

துண்டு எடுக்கப்பட்டதும் யாவாரி அட்வான்ஸை எண்ணிக் கொடுத்தார். அப்பா மயிலையின் பழைய கயிற்றை அவிழ்த்தார். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கிற வழக்கம் இல்லை. யாவாரி தன் நீலக் கயிற்றைக் கட்டினார். படத்தில் நான் கயிற்றை ஏற்கெனவே காவி நிறத்தில் போட்டிருந்தேன். ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு நீலமாக மாற்றினேன். அடுத்து அவர் பையிலிருந்து ஒரு சின்ன பெயின்ட் டப்பாவை எடுத்து, குச்சியில் சுற்றிய துணியை அதில் முக்கி, மயிலையின் பின்சப்பையில் ஒரு கோடு இழுத்து அதன்மேல் குறுக்கே இன்னொரு கோடு இழுத்தார். நல்ல சிவப்பு. மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பில் அடிக்கிற சிவப்பைவிடப் பளபளப்பாக இருந்தது.

"அப்பொ ஓட்டிக்கிறேன் அண்ணாச்சி."

அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். அவர் பார்வை என்மேல் வந்து நின்றது.

"பிள்ளை படம் வரையுது. நாளைக்கு வாங்களேன்."

யாவாரி சிரித்தார். "நாளைக்கு லோடு கிடையாதே அண்ணாச்சி. இன்னிக்கு விட்டா அப்புறம் எப்பன்னு சொல்லத் தெரியாது."

லோடு என்ற சொல் அப்பாவின் காதில் விழாததுபோல் இருந்தது. "பள்ளிக்கூடத்துல கேக்குறாக. முடிக்காமப் போனா டீச்சர் வைவாக" என்றார். அதுவரை என் பள்ளிக்கூடத்தில் யார் என்ன கேட்டார்கள் என்று அவர் விசாரித்ததில்லை.

"சரி, வரையட்டும். பாப்பா முடிக்கிற வரைக்கும் இருக்கேன்." யாவாரி மர நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

அப்பா என் பின்னால் வந்து நின்றார். என் படத்தை அவர் அத்தனை நேரம் பார்த்தது அன்றுதான்.

"அவசரப்படாம வரை தாயி. பொறுமையா வரை. கொம்பு கோணலா இருக்கே, அழிச்சிட்டுப் போடு."

"மாட்டுக்கே கோணல்தானப்பா."

"வாலு குட்டையா இல்ல?"

"அது கால்மேல மடங்கிக் கிடக்கு. இங்கேருந்து பாத்தா அவ்வளவுதான் தெரியுது."

"கால் மூணுதான போட்டிருக்க! நாலாவது எங்க?"

"மறைஞ்சிருக்கிறதை வரையக்கூடாதுப்பா."

யாவாரி புகையை விட்டுக்கொண்டே, "வெவரமான பிள்ளை அண்ணாச்சி" என்றார்.

அப்பா உள்ளே போனார், வந்தார், மயிலைக்குத் தொட்டியில் கழனித் தண்ணீர் காட்டினார், மறுபடி வந்து நின்றார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கழுத்துக் காய்ப்பு, விலா நிழல், நீலக் கயிறு எல்லாம் முடிந்தன. அந்தச் சிவப்புக் குறி ஒன்றுதான் பாக்கி. சிவப்பு வில்லை இருந்த குழியை விரலால் சுரண்டிப் பார்த்தேன். தகரம்தான் வந்தது.

"சிவப்பு இல்லப்பா" என்றேன்.

அப்பாவின் முகம் தெளிந்தது. அந்த முகம் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாவாரிக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"சிவப்பு இல்லாம எப்படி முடிக்கிறது? நாளைக்குத் திருச்சுழி போய் வாங்கிட்டு வாரேன். அப்புறம் முடிச்சுக்கலாம். யாவாரி, நீங்க கெளம்புங்க. கொடுத்த அட்வான்ஸைத் தந்துர்றேன். இன்னொரு நாளைக்குப் பாப்பம்."

யாவாரி எழுந்தார். பீடியை மண்ணில் தேய்த்தார். சைக்கிளில் கைவைத்தவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சிவப்புதான வேணும் பாப்பாவுக்கு? நம்மட்ட இருக்கே!"

கொட்டாங்கச்சி ஒன்றைத் தேடி எடுத்து, டப்பாவைச் சாய்த்து, எனக்குப் போதும் போதும் என்கிற அளவுக்கு ஊற்றிக் கொடுத்தார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். நினைத்ததில் தவறு இல்லை என்றே இன்றும் தோன்றுகிறது. வேப்பங்குச்சியின் நுனியை மென்று பிரஷ்ஷாக்கி, மாட்டின்மேல் பார்த்துப் பார்த்து ஒரு கோடு, அதன் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

"முடிஞ்சுருச்சுப்பா!"

தெருவுக்கே கேட்டிருக்கும். அவருக்காகத்தான் கத்தினேன். நாளைக்குத் திருச்சுழி வரைக்கும் அலைய வேண்டியதில்லை பாருங்கள்.

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். கத்தியதற்குத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் படத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "நல்லா வரைஞ்சிருக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

துண்டுக்கடியில் கொடுத்த வாக்கு இருந்தது, படப்பில் வைக்கோல் தீர்ந்துகொண்டிருந்தது, படமும் முடிந்துவிட்டது. யாவாரி நீலக் கயிற்றைப் பிடித்தபோது அப்பா கேட்டார்.

"உழவுக்குத்தான?"

"ஆமா அண்ணாச்சி. கமுதிப் பக்கம்." யாவாரி அதை என் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உழவுக்குத்தான கொண்டுபோறீக?"

"உழவுக்குத்தான்."

கேட்டோம் என்று பின்னால் சொல்லிக்கொள்வதற்காகவே கேட்கப்பட்ட கேள்வி அது. அப்பா அதன்பிறகு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். அந்த மாட்டைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், "நான் கேட்டுத்தான் கொடுத்தேன்" என்பார். ஒருவரும் மறுத்ததில்லை. மறுக்காததனாலேயே அவர் மறுபடியும் மறுபடியும் சொன்னாரோ என்னவோ.

மயிலை சைக்கிளுக்குப் பின்னால் அமைதியாக நடந்தது. தெரு முடிவில் ரோடு. கிழக்கே திரும்பினால் திருச்சுழி, அதைத் தாண்டிக் கமுதி. அவர் மேற்கே, அருப்புக்கோட்டைப் பக்கம் திரும்பினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். நடக்கும்போது நான்கு கால்களும் தெரிந்தன.

அன்று சாயங்காலம் அம்மா மயிலையின் பங்கு வைக்கோலையும் சேர்த்துப் பசுவுக்குப் போட்டாள். அப்பா படத்தைக் கேட்டு வாங்கி, சுவரோரம் உட்கார்ந்து பார்த்தார்.

"இந்தக் குறி எதுக்குப் போட்ட? அது இல்லாம இருந்தா நல்லாருக்குமே."

"மாட்டுல இருந்துச்சேப்பா."

"டீச்சர் என்னன்னு கேட்டா?"

"உழவுக்குப் போற மாட்டுக்குப் போடுற குறின்னு சொல்லுவேன்."

"ம்" என்றார்.

அப்படியே சொன்னேன். டீச்சர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, 'மிக நன்று' என்று எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினார். வருஷம் முடிகிற வரை அது அங்கேதான் இருந்தது. இப்போது என் மகள் டவுனில் ஓவிய வகுப்புக்குப் போகிறாள். அங்கே மாடு என்றால் கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாய், கழுத்தில் மணியோடு சிரிக்கும். நான்கு கால்களும் தெரியும். நான் திருத்துவதில்லை.

அந்தத் திங்கட்கிழமை விடிந்ததும் நான் செய்த முதல் வேலை, பாயைக்கூடச் சுருட்டாமல், அலமாரித் தட்டில் வைத்திருந்த படத்தை எடுத்து அந்தச் சிவப்பு காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்ததுதான். காயவில்லை. விரலில் ஒட்டியது. கொட்டத்துக் கல்தூணில் துடைத்துவிட்டுப் பல் விளக்கப் போனேன்.