இரண்டு தட்டுகள், ஒரு தாளம்

ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த இசைத்தட்டின் விளிம்பை மச்சான் சுட்டுவிரலால் பிடித்துக்கொள்வார். அடியில் பிளேயரின் தட்டு சுழலும். மேலே இசைத்தட்டு நகராது. சரியான அடி விழும் கணத்தில் விரலை எடுப்பார். பக்கீர்மார் கையால் தட்டும் றபான் மேளத்தின் ஓசை எப்போது பைலா என்ற ஆட்டப்பாட்டானது, பைலாவுக்குள் சினிமாப் பாட்டு எப்படி நுழைந்தது என்று பந்தலில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

மச்சான் என் மூத்த சகோதரி ராத்தாவின் கணவர். எழுபதுகளின் கடைசியில் கலியாணம் முடித்து, கல்முனையில் எங்கள் வீட்டுக்கே வந்தவர். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது அவர் தொழில். ரெக்கோட் பிளேயர்கள் இரண்டில் ஒன்று அவருடையது. மற்றது அடுத்த ஊரான பாண்டிருப்பிலிருந்த தமிழ் நண்பருடையது. அவரை நாங்களும் கூட்டாளி என்றே சொன்னோம். ஒருவர் ஓசையைக் குறைக்க, மற்றவர் ஊசியருகே காதை வைத்து, அதிலிருந்து கசியும் மெல்லிய சத்தத்தில் தாளம் பார்ப்பார். எங்கள் ஊர்க் கலியாணங்களுக்கும் அவர்கள் ஊர்க் கோயில் திருவிழாக்களுக்கும் இருவரும் சேர்ந்தே போனார்கள்.

எண்பதுகளின் நடுவில் முஸ்லிம்களான எங்களுக்கும் தமிழர்களுக்கும் இடையே கலவரம் வந்தது. கடைகள் எரிந்தன. அடுத்த ஊருக்குப் போகும் வீதியில் ஆட்கள் குறைந்தார்கள். அவரவர் பிளேயர் அவரவர் வீட்டில் தங்கியது. ஒற்றைப் பிளேயரில் ஒரு பாட்டு முடிந்தால் ஊசியைத் தூக்கி, தட்டை மாற்றும்வரை பந்தல் மௌனமாகிவிடும். அந்த நேரங்களில் மச்சான் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்.

சில மாதங்கள் கழித்து என் கலியாணம். மணப்பெண்ணாக உள்ளே இருந்த நான் ஜன்னலால் பார்த்தேன். பகல் வெயிலில், சைக்கிள் கரியரில் பிளேயரைக் கட்டிக்கொண்டு கூட்டாளி வாசலில் நின்றார்.

"இந்த நேரத்தில இவர ஆரு கூப்பிட்ட?" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

"நான்தான் சொல்லி அனுப்பின," என்றார் மச்சான். "அவர் இல்லாட்டி என்னால ஏலாது."

எல்லோரும் பெண்ணின் தகப்பனான என் வாப்பாவைப் பார்த்தார்கள். அவருடைய கடையும் எரிந்திருந்தது. கலியாணம் கலைந்துவிடுமோ என்று பயந்தேன். வாப்பா எழுந்து வாசலுக்குப் போனார்.

"என்ன மகன், வெயிலுக்க நிக்கிறீங்க? உள்ளுக்க வாங்க."

பெரியப்பா எழுந்துபோகவில்லை, ஆனால் உட்கார்ந்திருந்த கதிரையை வாசலுக்கு முதுகாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

மச்சானும் கூட்டாளியும் இரண்டு பிளேயர்களையும் அருகருகே வைத்தார்கள். றபானில் தொடங்கினார்கள். அதிலிருந்து ஒரு நாதஸ்வரம் எழுந்தது. அது தேயுமுன் பைலா வந்தது. எங்கும் இடைவெளி இல்லை. இப்போது என் பேரன் பொத்தான்களை அழுத்தி இதையே செய்கிறான், நன்றாகவும் செய்கிறான்.

சாப்பாடு முடிந்ததும் கூட்டாளி புறப்பட்டார். அவருடைய தாய்க்கென்று ராத்தா கோழிக்கறியும் சோறும் கட்டிக் கொடுத்தாள். அவருடைய பிளேயரை மச்சான் தன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, வழித்துணையாக அவரோடு பாண்டிருப்பு எல்லைவரை போனார். மச்சான் திரும்பி வரும்வரை பந்தலில் பாட்டு இல்லை. ஏன் நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை.