டவுட் அக்கா போட்ட கையெழுத்து

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பக்கத்து மேசையில் ஒருவர் பென்சிலும் கால்குலேட்டருமாக உட்கார்ந்திருந்தார். மென்பொருள் அலுவலகத்தில் பென்சிலா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்த மிதப்பு அப்போது கொஞ்சம் தூக்கல்.

எதைக் கொடுத்தாலும் "இது சரின்னு எப்படிப்பா சொல்ற?" என்று கேட்பதால் அவருக்கு டவுட் அக்கா என்று பெயர். குழந்தையின் எடையைக் கொடுத்தால் மருந்தின் அளவைச் சொல்லும் மென்பொருள் எங்களுடையது. பன்னிரண்டு வருடமாக அக்காவின் கையெழுத்தில்லாமல் அது வெளியே போனதில்லை. அதைச் சோதிக்க நாற்பது டெஸ்ட் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஓர் எடை, வரவேண்டிய அளவு. அளவைக் கையால் கணக்குப் போட்டுத்தான் எழுதுவார்.

"நாப்பதையும் ஒண்ணாக்கிடலாம்க்கா. எடையெல்லாம் ஒரு பட்டியல்ல போட்டா, ஒரே டெஸ்ட் ஒவ்வொண்ணா எடுத்து ஓட்டிக்கும்."

"பண்ணுப்பா. எனக்கும் கண்ணு பூத்துப்போச்சு."

அதோடு நின்றிருக்கலாம். நாற்பது விடையை யார் தட்டுவது என்று, மென்பொருளில் அளவைக் கணக்கிடும் அதே நிரல் துண்டை, அந்த ஃபங்ஷனையே, டெஸ்டிலும் கூப்பிட்டு விடை வாங்கினேன். மாணவனின் தாளை அவன் தாளை வைத்தே திருத்துகிற வேலை. கணக்கு தப்பினால் இரண்டும் சேர்ந்தே தப்பும்; எல்லாம் சரி என்று திரை பச்சையாகவே இருக்கும்.

"விடையெல்லாம் என் நோட்டுல இருக்கறதுதானே?"

"அதேதாங்க்கா." வாய் கூசவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த ஃபங்ஷனில் யாரோ கை வைத்துக் கணக்கை மாற்றினார்கள். நாற்பதும் பச்சை. அக்கா கையெழுத்துப் போட்டார்.

"டவுட் அக்காவுக்கே டவுட் இல்லையாம், கேக் வெட்டுங்கப்பா!" என்று டீம் லீடர் கத்தினார்.

ஒரு மருத்துவமனையில் அரை மில்லி மருந்து ஒரு மில்லி என்று காட்டியது. நர்ஸ் ஒருவர் கவனித்து நிறுத்தியதால் குழந்தை பிழைத்தது. கையெழுத்து யாருடையது என்பதோடு மேலாளர் விசாரணையை முடித்துக்கொண்டு அக்காவை வேறு பிரிவுக்கு மாற்றினார். நான் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மேசையைக் காலி செய்யும்போது அக்கா சொன்னார்: "நீ எழுதினதைத் திறந்து பாத்தேன்ப்பா. நீயே சொல்லுவேன்னு விசாரணை ரூம்ல காத்திருந்தேன்."

மூன்று வருடம் கழித்து, போன மாதம்தான் மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். "இப்ப சொல்லி என்ன பண்ண?" என்றார்.

அக்கா இன்னும் கீழ்த்தளத்தில் வாடிக்கையாளர்களின் புகார் அழைப்புகளை எடுக்கிறார். சோதனைப் பிரிவில் அவர் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார்.