நத்தையில் ஒரு ‘வெல்கம்’

மாமல்லபுரத்துக் கடைகளில் சோழி ஒட்டிய கண்ணாடி, சங்கு கோத்த திரைச்சீலை எதைப் பார்த்தாலும் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். காரணம் என் மாமா, அம்மாவின் அண்ணன்.

அப்போது நாங்கள் அணுபுரத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குப் போய், கடல் உள்வாங்கியிருந்த நேரத்தில் பாறைகளில் ஒட்டியிருந்த நத்தைகளைப் பிடித்து வந்தோம். கட்டைவிரல் நகத்தளவு உருண்டை. கறுப்பு ஓட்டில் வெள்ளை நெளிகோடுகள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. கையிலெடுத்தால் உடலை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு சின்ன மூடியால் வாசலைச் சாத்திக்கொள்ளும். கடல்தண்ணீரும் பாசி பிடித்த கல்லும் போட்ட டப்பில் விட்டேன். அவை தண்ணீரில் இருக்காமல் விளிம்பேறி பால்கனிச் சுவருக்குப் போய்விடும். பள்ளிவிட்டு வந்ததும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துவந்து விடுவதுதான் என் வேலை. உயிரோடு நத்தை கொண்டுவருவதாக வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

செங்கல்பட்டிலிருந்து மாமா வந்திருந்த நாள் அது. நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது வீடெல்லாம் ஒரு நாற்றம். கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த மாமாவின் முன்னால் ஒரு அட்டை. அதில் என் நத்தைகளின் வெறும் ஓடுகள், வார்னிஷ் பளபளப்புடன், ஆங்கிலத்தில் ‘வெல்கம்’ என்று வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. வேகவைத்து, ஊக்கால் சதையைத் தோண்டி எடுத்திருக்கிறார். கடைசி எழுத்துக்கு மட்டும் நத்தை போதவில்லை.

“இன்னா பாப்பா, எப்டி கீது? ஃபர்ஸ்ட் பிரைஸ் உனக்குத்தான். இன்னும் கொஞ்சம் புடிச்சாந்தா முடிச்சிடலாம்” என்றார்.

அட்டையை மிதித்தேன். ஓடுகள் காலடியில் நொறுங்கின. மாமா கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். அந்தக் கையைக் கடித்தேன். வலியில் அவர் என்னை அடிக்க ஓங்கியபோதுதான் அம்மா காய்கறிப் பையுடன் உள்ளே வந்தாள். ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பையைப் போட்டுவிட்டு எங்களுக்கு நடுவில் வந்து நின்றாள்.

“அவள ஒரு வார்த்த கேட்டியாண்ணா?”

“நாத்தம் வந்துகினு இருந்திச்சி. கொழந்தைக்கு நல்லதுதானே பண்ணேன்?”

“நீயே முடிவு பண்ணுவ, நீயே செஞ்சி முடிப்ப, அப்பறம் நல்லதுதானே பண்ணேன்னு வந்து நிப்ப. எவளையாச்சும் கேட்டிருக்கியா நீ?”

அண்ணன் முன்னால் சத்தம் உயர்த்தி அம்மா பேசி நான் கேட்டதே இல்லை. மாமா முகம் சிறுத்துப்போனது.

“பழசெல்லாம் இன்னாத்துக்கு இப்போ?” என்று முணுமுணுத்தார்.

“உனக்குத்தான் அது பழசு!” என்று கத்தினாள் அம்மா.

மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினார்.

கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த அம்மாவை, நல்ல வரன் என்று இரண்டாம் வருடத்திலேயே நிறுத்தி, அவளைக் கேட்காமலே கல்யாணத்தை முடித்தவர் இந்த மாமாதான் என்பது, நான் கல்லூரியில் சேர்ந்த அன்று அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், என் நத்தைகளுக்காக அம்மா சொந்த அண்ணனையே விரட்டிவிட்டாள் என்பதுதான். பெருமை தாங்கவில்லை. மாடிப்படி வரை ஓடி, இறங்கிக்கொண்டிருந்த மாமாவின் முதுகைப் பார்த்து நானும் என் பங்குக்குக் கத்தினேன்:

“பழசு ஒண்ணுமில்ல! ஞாயித்துக்கெழமதான் புடிச்சோம்!”