மூன்றாம் சரணம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ரெகே இசைக் கச்சேரி வைப்பதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். பாடுகிறவருக்கும் வயதாகிவிட்டது, கேட்க வருகிறவர்களுக்கும் வயதாகிவிட்டது. ஆறு மணிக்கெல்லாம் முடித்தால், முழங்கால் வலி தொடங்க முதல் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். எனக்கும் அது வசதிதான். லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருந்துகொண்டு விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் விடியற்காலை ஷிப்ட் செய்கிறவன் நான். சனிக்கிழமை நம்மவர்களின் கலியாண மண்டபத்தில் சினிமாப் பாட்டுகளுக்கு பேஸ் கிட்டார் வாசித்துவிட்டு, ஞாயிறு இவர்களுக்கு வாசிக்கப் போவேன். போகிற வழியெல்லாம் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வரும். எதற்காக இந்தப் பாடு என்று என் மனைவி கேட்டுக் கேட்டு அலுத்து, இப்போது கேட்பதையும் விட்டுவிட்டாள்.

இவர்களுக்கு என்று நான் சொன்னது ஒரு ஜமேக்காப் பாட்டுக்காரருக்கும் அவருடைய குழுவுக்கும். எங்கள் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குகளுக்கு ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுக்கிற ஆள்தான் அவர்களுடைய ஆட்டங்களுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்களின் பேஸ்காரருக்குச் சுகமில்லாமல் போன ஒரு நாளில், 'என்னிடம் ஒரு தமிழன் இருக்கிறான், கை சுத்தமாக ஓடும்' என்று அவர் சொல்லி வைக்க, நான் போய் நின்றேன். அன்று ஒட்டியவன்தான். பாட்டுக்காரரை நான் அண்ணை என்று கூப்பிட்டேன். அது ஏதோ மரியாதைச் சொல் என்ற அளவில் அவருக்குத் திருப்தி. அவருடைய ஆங்கிலம் எனக்குப் பிடிபடவே வெகுகாலம் எடுத்தது. ஒருமுறை பிடிபட்ட பிறகு அது என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் விழுந்தது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அவர் கரும்புத் தோட்டப் பக்கம் பிறந்தவர். தேவாலயத்தில் பாடிப் பழகி, மீசை முளைக்க முதல் கிங்ஸ்டனுக்கு பஸ் ஏறியவர். அங்கே ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில் ஞாயிறு தோறும் பெடியன்களோடு வரிசையில் நின்று, அடுத்த கிழமை வா, அடுத்த கிழமை வா என்று துரத்தப்பட்டு, கடைசியில் ஒரு பாட்டுப் பதிந்தார். அந்தப் பாட்டு லண்டனில் பிடித்துக்கொண்டது. பாட்டுக்குப் பின்னால் அவரும் வந்தார். சில கிழமைச் சுற்றுப்பயணம் என்று, குளிருக்கு ஒரு கோட்டுக்கூட இல்லாமல் வந்தவர், பிறகு போகவே இல்லை. கிழமை நாட்களில் டிப்போவில் பஸ் கழுவினார், சனி ஞாயிறில் பாடினார். இன்னும் எத்தனையோ பாட்டுகள் பதிந்து பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. எங்கே போனாலும் சனம் கேட்டது அந்த ஒரே பாட்டைத்தான்.

கிங்ஸ்டனில் அவர் விட்டுவிட்டு வந்தது மூன்று வயது மகளை. அந்தப் பாட்டுக்கு ஒரு பல்லவியும் இரண்டு சரணங்களும் உண்டு. உண்மையில் மூன்று சரணம் என்பார் அவர். மூன்றாவது அந்த மகளைப் பற்றியது. இசைத்தட்டில் இடம் போதாது என்று தயாரிப்பாளர் வெட்டிவிட்டார். ஒவ்வொரு மேடையிலும் பாட்டைத் தொடங்க முதல் இதைச் சொல்லுவார். 'இண்டைக்கு மூண்டாவதையும் பாடப்போறன்' என்பார். பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். ஆனால் மூன்றாவது வராது. அதற்குக் காரணம் ஜமேக்காச் சனத்தின் ஒரு வழக்கம்.

நம்மவர்கள் ஒரு பாட்டுப் பிடித்தால் அது முடிகிறவரை பொறுத்து, கைதட்டி, 'ஒன்ஸ் மோர்' கேட்பார்கள். இவர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பாட்டு ஏறுகிற இடத்திலேயே சுவரில் உள்ளங்கையால் அடிப்பார்கள், ஹோர்ன் ஊதுவார்கள். அடித்தால் அந்த நொடியே நிறுத்தி, பாட்டை முதலிலிருந்து எடுக்க வேண்டும். அதுதான் அவர்கள் தருகிற பெரிய மரியாதை. நான் வாசித்த முதல் நாள் இது எனக்குத் தெரியாது. பாதிப் பாட்டில் மண்டபம் முழுக்கச் சுவரில் அடித்து மேளக்காரனும் நிறுத்தியவுடன், எங்களைத் துரத்துகிறார்கள் என்று முடிவு கட்டி, வயரைக் கழற்றிச் சுற்றி, கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். மேடைக்குப் பின்னால் வாசல் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தவனை அண்ணைதான் தோளில் பிடித்துத் திருப்பினார். அதைச் சொல்லி இன்றுவரை என்னைக் கேலி பண்ணுகிறார்கள்.

இப்படி இரண்டாம் சரணத்துக்குக் கிட்ட வரும்போதே சனம் அடித்து நிறுத்தும். முதலிலிருந்து எடுப்போம். திரும்பவும் அடிக்கும். அதற்குள் நேரம் போய்விடும், பல்லவியோடு முடித்துக்கொண்டு இறங்குவோம். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, 'பாத்தியே, விடமாட்டினம்' என்பார். நானும் சனத்தைத்தான் திட்டுவேன்.

பிறகு அவருடைய நெஞ்சு பழுதாகிப் போனது. நாலு வசனம் கதைத்தால் மூச்சு வாங்கியது. இனிப் பாடவே கூடாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அவரைக் கவனிக்க அந்த மகள்தான் வந்து போனாள். ஐம்பதைத் தாண்டிய பெண், தாதியாக வேலை, வளர்ந்த பிறகு தன்பாட்டில் இந்த நாட்டுக்கு வந்து லூட்டனில் இருந்தவள். விடுமுறை நாளில் வந்து மாத்திரையை எடுத்து வைத்து, சமைத்து, ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். இரண்டு பேரும் மாத்திரையைப் பற்றியும் ஹீட்டரைப் பற்றியும் தவிர வேறு கதைத்து நான் கண்டதில்லை. அவருடைய எந்தக் கச்சேரிக்கும் அவள் வந்ததில்லை. ஏன் வரவேண்டும்? தகப்பனைத் தன்னிடமிருந்து கொண்டுபோன பாட்டை டிக்கெட் எடுத்து வந்து கேட்க யாருக்கு மனம் வரும்?

கடைசியாக ஒரே ஒரு தரம் பாடிவிட்டு விடுகிறேன் என்று அவர் அடம்பிடித்தார். அந்த ஒரு தரத்துக்கு வருகிறேன் என்று மகள் சொல்லிவிட்டாள். அன்று அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒத்திகைக்கு ஈஸ்ட் ஹாமில் எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையின் பின்னறையைக் கேட்டு வாங்கினேன். அரிசி மூட்டைமேல் அமர்ந்து மீன் ரோல்ஸ் தின்றுகொண்டே அவர் எங்களுக்குக் கட்டளை போட்டார்.

"சனம் எவ்வளவு அடிச்சாலும் நிப்பாட்டக் கூடாது. மூண்டாவதை அவள் கேக்கவேணும். விளங்குதே?"

"சனம் கோவிக்கும் அண்ணை," என்றான் மேளக்காரன். அவனும் ஜமேக்காக்காரன்தான், என்னைப் பார்த்து அவனுக்கும் அண்ணை பழகிவிட்டது.

"கோவிக்கட்டும். தம்பி, நீ பேஸை விடாதை. பேஸ் நிண்டால்தான் பாட்டு நிக்கும்."

ஒத்திகையில் மூன்றாவது சரணம் வந்தபோது, குரலைச் சேமிக்கிறேன் என்று சொல்லி அவர் பாடவில்லை. விரலால் தாளம் மட்டும் போட்டார். அவருடைய மூச்சு இருந்த நிலைக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த ஞாயிறு வடக்கு லண்டனில் மண்டபம் நிறைந்துவிட்டது. ஊன்றுகோலோடு வந்தவர்கள்கூட நன்றாக உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். மகள் இரண்டாம் வரிசையில், வேலைக்குப் போகிற தட்டைச் சப்பாத்தோடு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவர் ஒரு நாற்காலியில் இருந்து பாடினார். குரல் பாதிதான் இருந்தது. ஆனால் அந்தப் பாதியே போதுமாக இருந்தது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதில் சுவரில் அடிக்கத் தொடங்கினார்கள். மேளக்காரனின் கை பழக்கத்தில் தூக்கிக்கொண்டது. நான் அவனை முறைத்துக்கொண்டு பேஸை விடாமல் போனேன். அவன் திரும்ப வந்து சேர்ந்தான். ஹோர்ன் ஊதினார்கள், கதிரையைத் தட்டினார்கள், நிறுத்து என்று சத்தம் போட்டார்கள். நாங்கள் நிற்கவில்லை. பல்லவியையும் தாண்டிவிட்டோம். என் ஆயுளில் முதல் தடவையாக மூன்றாம் சரணத்தின் வாசலுக்கு வந்து நின்றோம்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது பயம். மூச்சு வரவில்லையாக்கும் என்று நினைத்து, பாடுங்கோ என்று தலையாட்டினேன். அவர் கையை உயர்த்தி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினார். முதலிலிருந்து எடு என்பதற்கு அதுதான் சைகை. பாட்டுக்காரரே கை சுற்றினால் குழு என்ன செய்யும்? நிறுத்தினோம். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி ஆரவாரம். திரும்ப எடுத்தோம். முதல் சரணத்திலேயே இருமல் பிடித்துக்கொண்டது. மிச்சத்தைச் சனமே அவருக்காகப் பாடி முடித்தது. பலர் அழுதார்கள். மகள் அழவில்லை. கைப்பையைத் திறந்து, மூச்சுக்கு இழுக்கிற மருந்தை எடுத்துக்கொண்டு மேடைக்கு ஏறி வந்தாள்.

இரண்டு பேரையும் என் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஹார்ல்ஸ்டனில் அவருக்கு நகரசபை கொடுத்த கவுன்சில் வீட்டுக்குப் புறப்பட்டேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. வீதி நெடுக வாகனங்கள் ஊர்ந்தன. எனக்கு உடம்பெல்லாம் உளைந்தது. அவர் நடுவில், மகள் யன்னல் பக்கம். வீட்டுக்குக் கிட்ட வந்தபோதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"சனம் விட்டால்தானே," என்றார்.

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது. அடுக்குமாடியின் கீழே வானை நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்தினேன்.

"அண்ணை, இண்டைக்குச் சனம் நிப்பாட்டேல்லை. நீங்கள்தான் நிப்பாட்டினீங்கள். இப்ப இஞ்ச சனமும் இல்லை. மூண்டாவதைச் சொல்லுங்கோ. பாட வேண்டாம், வாயால சொன்னால் போதும். அவ இருக்கிறா, கேக்கட்டும்."

"விடுங்கோ," என்றாள் மகள். "டாடிக்கு ஏலாது."

"நாலு வரி சொல்ல ஏலாதே?"

அவர் கண்ணாடிக்கு வெளியே குப்பைத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு இழுபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று எனக்கே தோன்றத் தொடங்கிய நேரம் அவர் சொன்னார்.

"அப்பிடி ஒண்டு இல்லைத் தம்பி. நான் எழுதவே இல்லை."

இத்தனை வருடம் சுவரில் அடித்த அத்தனை பேரும் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"எழுதத்தான் இருந்து பாத்தனான். எத்தினையோ தரம். பிள்ளையைப் பற்றி எழுதிறதெண்டால் பிள்ளையைப் பற்றி ஏதாவது தெரியவேணுமே. ஒருத்தற்றை பிள்ளைக்கும் பொருந்திற மாதிரிச் சும்மா நாலு வரி எழுத எனக்குப் பிடிக்கேல்லை. எனக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனவளோ, பஸ்ஸில போனவளோ எண்டுகூட எனக்குத் தெரியாது."

இவ்வளவையும் அவர் என்னைப் பார்த்தே சொன்னார். மகள் பக்கம் திரும்பவில்லை. அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். கோபித்திருந்தாலும் நியாயம்தான். ஆனால் அந்த முகத்தில் கோபத்துக்குக்கூடத் தெம்பு இருக்கவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலும் எங்கேயோ போய்விட்டது. மூன்று பேரும் களைத்துப்போய் ஒரு வானுக்குள் இருந்தோம், அவ்வளவுதான்.

"நடந்துதான்," என்றாள் அவள்.

கதவைத் திறந்து இறங்கினாள். கையை நீட்டி அவரையும் மெல்ல இறக்கினாள். லிஃப்ட் பழுதென்று தாள் ஒட்டியிருந்தது. அவருடைய வீடு மூன்றாம் மாடி. நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். மாடிப்படிக்கு வெளிப்புறமாக நீளக் கண்ணாடி போட்ட கட்டடம் அது. வானுக்குள் இருந்தே அவர்கள் ஏறுவது தெரிந்தது. நாலு படிக்கு ஒருதரம் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நின்ற இடத்தில் அவளும் நின்றாள். மற்றக் கையால் தூரத்தைக் காட்டி, ஏதோ பாதையின் திருப்பத்தைக் காட்டி, அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஏறி முடிக்க வெகுநேரம் எடுத்தது. அவருக்குக் கதைக்க மூச்சு இல்லை. அதனால் அவள் சொன்னதை எல்லாம் அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.