அடிவாரத்துக்குப் போன போர்வை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது மறதி வேறு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருப்பது வாராவாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். போர்வை, வேட்டி எல்லாம் தினமும் நனைந்துவிடும். துவைத்துவிடலாம். காய வைப்பது எங்கே? ஏற்காட்டில் இந்த மழை மாதத்தில் வெயிலை யார் கண்டது... மகள் கல்யாணமாகிப் போனதில் அவள் அறை சும்மா கிடக்கிறது. அங்கேதான் குறுக்கும் நெடுக்கும் கயிறு. துணி காய்கிறதோ இல்லையோ, சுவர் கறுத்துப் பூஞ்சை பிடித்துவிட்டது.

போன வாரம் அவரைப் பார்க்க வந்த நர்சம்மா, கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்கம்மா, ஊட்டுக்குள்ள இத்தனை ஈரம் ஆகாதுங்க. அவருக்கு இளைப்பு நொம்ப அதிகமாயிருச்சு. இப்படியே இருந்தா தாங்க மாட்டாருங்க."

அவரைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத்தானே துவைக்கிறேன்? அதுவே அவர் மூச்சை அடைத்தால் நான் என்ன செய்வேன்?

அடிவாரத்தில் என் தங்கச்சி இருக்கிறாள். அங்கே வெயில் அடிக்கிறது. பிழிந்த துணியை மூட்டை கட்டி, காலை பஸ்ஸில் ஏற்றினேன்.

"ஏனுங்கம்மா, மூட்டை ஒழுகுதுங்களே. உள்ள மீனுங்களா?" என்றார் கண்டக்டர்.

"போர்வைங்க சாமி. காயப் போகுது. கீழ என் தங்கச்சி வந்து வாங்கிக்குவா."

"ஊரே வெயிலுக்குப் பயந்து மலையேறி வருது... உங்க போர்வை கீழ எறங்குதுங்களா!"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்தது. மலைமேல் மூடுபனி படாமல், தங்கச்சி பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டியிருந்தாள். பிரித்தால் மொடமொடவென்று இருந்தது. அவர் மேல் போர்த்தினேன். மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

"வெயில் வாசம் அடிக்குது புள்ள."

பல நாளுக்குப் பிறகு அவர் முழுசாகப் பேசியது அதுதான்.

விடிந்து பார்த்தால் போர்வை நனைந்து கிடந்தது.

தினமும் அனுப்ப முடியுமா? கண்டக்டர் என்ன நம் வீட்டு ஆளா? தங்கச்சிக்கும் முட்டிவலி. மறுபடி அதே அறை, அதே கயிறு. கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஒரு பழைய சேலையைத் திணித்திருக்கிறேன். ஈரம் அதற்கு அடங்குமா? அந்தப் பக்கம் அவர் இளைக்கிற சத்தம் இந்தப் பக்கம் கேட்கிறதே...

நர்சம்மா குற்றம் சொன்னது துணியையா, பூஞ்சைச் சுவரையா? பயத்தில் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. சுவர் என்றால் என்னால் ஒன்றும் ஆகாது. துணி என்றாலும் ஆகாது. இருந்தாலும், விவரம் தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.