நாற்பதாவது போத்தல்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றவை போத்தல்கள். மனிதர்கள் வேப்பமரத்தடியில் குந்தியிருந்தார்கள். மருந்துத் தண்ணீருக்குப் போத்தல் நாம்தான் கொண்டுபோக வேண்டும் என்பதால், விடியல் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வருகிறவர் தன் போத்தலை விறாந்தை ஓரத்தில் வைப்பார், அடுத்தவர் அதன் பின்னால் வைப்பார். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி ஊழியர் வந்து போத்தல் போத்தலாகத் தொட்டு, உரியவரைக் கூப்பிட்டு நம்பர் துண்டு கொடுப்பார். நாற்பது துண்டு. கிழமையில் இரண்டு நாள், திங்களும் வியாழனும். டொக்டர் ஒருவர்தான், அவருக்கு இன்னும் இரண்டு ஊர் இருந்தது. பதினொன்றரைக்கு அவருடைய கார் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விடும். நாற்பத்தோராவது வியாதி வியாழன் வரைக்கும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போத்தலை யாரும் தொடமாட்டார்கள். பாய் நெய்கிறவளின் போத்தலும் பெரிய வயல்காரரான போடியாரின் போத்தலும் தோளோடு தோள் நின்றன. பள்ளிவாசலுக்கு வெளியே எங்கள் ஊரில் நான் கண்ட ஒரே நேரான வரிசை அதுதான். அதைக் குலைத்தவன் நான்.

எண்பதுகளின் தொடக்கம். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு பிள்ளைக்கும் அகரம் சொல்லிக்கொடுக்கவில்லை, அதற்குள் ஊர் என்னை மாஸ்டர் என்றது. அந்தச் சொல்லை வெள்ளைச் சேட்டு ஒன்றைப் போல உடுத்திக்கொண்டு திரிந்தேன். இரண்டு நாள் வகுப்புக்குப் போகாமல் கல்முனைக்குப் படம் பார்க்கப் போயிருந்தேன். அதற்கு டொக்டரின் கையெழுத்தோடு ஒரு மெடிக்கல் கடிதம் வேண்டும். காய்ச்சல் என்று சொல்ல முகத்தைத் தொங்கப் போட்டு, உம்மாவின் சர்பத்துப் போத்தலைத் தூக்கிக்கொண்டு, ஏழு மணிக்குப் போனேன். 

எண்ணினேன். நாற்பது நின்றன. என்னுடையது நாற்பத்தொன்று.

மறுபடியும் எண்ணினேன். அப்போதுதான் அதைக் கண்டேன், முப்பதுக்கு மேலே எங்கேயோ. தட்டையான உடம்பு, சரிந்த தோள். லேபலைச் சுரண்டியிருந்தார்கள், பசையின் தழும்பு மட்டும் கண்ணாடியில் கிடந்தது. சாராயப் போத்தல். எங்கள் ஊரில் அந்த வடிவத்தைக் குருடனும் தடவிச் சொல்வான்.

"ஆரோ குடிகாரன் வெச்சிட்டுப் போயிரிக்கான்," என்றேன், பக்கத்தில் நின்ற கிழவருக்குக் கேட்கும்படி.

"அஸ்தஃபிருல்லாஹ். மருந்தெடுக்கிற இடத்திலயுமா? எடுத்து எறிங்க மாஸ்டர்."

இரண்டு விரலால் கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன். அது சுத்தமாக இருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்த சுத்தம். வாயில் கடதாசியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். குடித்துவிட்டு எறிகிறவன் வெறும் போத்தலுக்கு அடைப்பு வைப்பானா? அந்தக் கேள்வி அப்போதே வந்தது. பிறகு வந்ததென்று எழுத ஆசைதான், ஆனால் அப்போதே வந்தது. கழுவிய ஈரம் இன்னும் என் விரலில் பட்டது. ஹறாம், மார்க்கம் விலக்கியது, என்ற சொல் எனக்கு அன்றைக்கு வசதியாக இருந்தது. போத்தலை அழுக்குத் தண்ணீர் ஓடும் கானோரம் வைத்தேன். இடைவெளியை மற்றப் போத்தல்களால் நெருக்கி மூடினேன். கடைசியில் என் சர்பத்துப் போத்தல் நாற்பதாவதாக நின்றது.

எட்டரை இருக்கும். ஒருத்தி பள்ளிவாசல் கிணற்றடியில் பிள்ளைக்கு முகம் கழுவிவிட்டு ஈரக் கையோடு ஓடி வந்தாள். தோளில் மூன்று வயதிருக்கும் பெண்பிள்ளை, காதைப் பொத்திக்கொண்டு. எங்கள் ஊர் ஆள்தான். புருஷன் தூரத்தில், சாகாமத்தில் யாருடையவோ வயலுக்குக் காவல், குடும்பத்தோடு வயல் நடுவே வாடிக் குடிசையில் இருந்தார்கள். இருட்டோடு நடந்து வந்து ரோட்டில் பஸ் பிடித்திருக்கிறாள். வரிசையை ஒரு தரம் பார்த்தாள். குனிந்து இன்னொரு தரம் பார்த்தாள்.

"என்ட போத்தல் இஞ்சதான் வெச்சன்."

"என்ன போத்தல் புள்ள?" என்றார் ஊழியர்.

அவள் மரத்தடியில் இருந்த ஆண்களைப் பார்த்தாள்.

"வெள்ளப் போத்தல்."

"எல்லாம் வெள்ளதான். சோடாப் போத்தலா, சர்பத்தா, இல்லாட்டி மக்காவில இரிந்து வந்த அத்தர்ப் போத்தலா?"

மரத்தடியில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் தலைச்சேலையை முன்னுக்கு இழுத்துவிட்டாள். அத்தனை ஆண்களுக்கு நடுவில், சாராயப் போத்தல் என்று எந்த முஸ்லிம் பெண் சொல்வாள்? வாடியில் வேறு போத்தல் கிடைத்திருக்காது. நெல்லுச் சூடடிக்க வந்த மெஷின்காரன் விட்டுப்போனதைக் குளத்துக்குக் கொண்டுபோய், மணம் போகும்வரை கழுவியிருப்பாள்.

"சொல்லத் தெரியாட்டி நான் என்ன செய்ய? துண்டு முடிஞ்சி. வியாழக்கிழமை வாங்க."

"புள்ளைக்கி காதுக்குள்ளால சீழ் வருது காக்கா. ராவெல்லாம் கத்துது."

"காதுதானே. தேங்காயெண்ணெய் சுட்டு விடுங்க."

கையில் என் துண்டு இருந்தது. நாற்பது என்று நீலப் பென்சிலால் எழுதிய சின்னக் கடதாசி. நீட்டியிருக்கலாம். நாலடி தூரம். 

டொக்டர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. காய்ச்சல் என்றேன், இரண்டு நாள் ஓய்வு என்று எழுதினார். என் போத்தல் நிறைய றோஸ் நிறத் தண்ணீர் ஊற்றினார்கள். வெளியே வந்தபோது அவள் கானோரம் குனிந்து நின்றாள். போத்தலைக் கண்டெடுத்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்து, சேலைத் தலைப்பால் துடைத்து, அதை மடிக்குள் ஒளித்தாள். நான் ரோட்டுக்கு இறங்கினேன். மருந்தை மணலில் ஊற்றினேன். மணல் குடித்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல் கிடந்தது.

இப்போது நான் டெலிபோனில் நம்பர் எடுத்து டொக்டரிடம் போகிறவன். குளிர் அறையில் என் நம்பரைக் கூப்பிடும்போது ஒவ்வொரு முறையும் எனக்குப் பிந்தி வந்தது யார் என்று திரும்பிப் பார்க்கிறேன். நோய் இருக்கும் நாட்களிலும்தான்.

அந்த வியாழக்கிழமை போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான். விறாந்தையில் போத்தல்கள் வழக்கம்போல நின்றன. நடுவில் ஒரு மனுஷி நின்றாள். போத்தலை அவள் கீழே வைக்கவில்லை. முந்தானைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போத்தல்களோடு போத்தலாக. தோளில் பிள்ளை. அழுகை நின்றிருந்தது. இடது காதில் பஞ்சு.

ஊழியர் வந்தார். "கூப்பிட்டாத் திரும்புதா?"

"இந்தப் பக்கம் நிண்டு கூப்பிட்டாத் திரும்பும்," என்று அவள் வலது பக்கத்தைக் காட்டினாள்.

அந்தக் காது கேளாமல் போனது மூன்று நாள் பிந்தியதால்தானா, முன்பே போயிருந்ததா, எனக்குத் தெரியாது. எந்த டொக்டரிடமும் நான் கேட்டதில்லை. கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

கிட்டப் போனேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், வெள்ளைச் சேட்டைக் கண்டாள், உடனே ஓரடி பின்னுக்கு நகர்ந்தாள்.

"நீங்க முன்னுக்கு நில்லுங்க மாஸ்டர். நான் பொறகால நிக்கிறன்."

"வேணாம் ராத்தா. நில்லுங்க."

 அவள் பழைய இடத்துக்குத் திரும்பி, எனக்கு முதுகு காட்டி நின்றாள். தாயின் தோளில் சாய்ந்திருந்த பிள்ளையின் பஞ்சு வைத்த காது என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ரோட்டில் அக்கரைப்பற்று பஸ் இரைந்துகொண்டு போனது. அந்த இரைச்சலுக்குள் குனிந்து, "போத்தல எடுத்தது நான்தான்" என்றேன்.

தாய் திரும்பவில்லை. பிள்ளை பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தது.

எந்தக் காது என்று தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.