அவர் குடிக்காத குடி

கொரோனா எனக்கு லேசாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை, மூச்சுத் திணறவில்லை. காய்ச்சலும் இருமலும் விட்டதும் என் கணவர் பரளச்சியில் எங்கள் பலசரக்குக் கடையை மறுபடி திறந்தார். நானும் வழக்கம்போல அவரோடு போய் நின்றேன். துவரம்பருப்பு நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கை கனத்தது. அள்ளிய பருப்பைத் தராசில் கொட்டுவதற்குள் தோள்பட்டை எரிந்தது. உள்ளே போய்ச் சாக்கின்மேல் உட்கார்ந்தவள், கடை அடைக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

நாலைந்து நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. வலி தோளிலிருந்து இடுப்புக்கு வரும், அங்கிருந்து கெண்டைக்காலுக்கு இறங்கும். தலைக்குக் குளித்தால் அன்று முழுவதும் படுக்கைதான். ஒருநாள் உடம்பு கொஞ்சம் தெளிவாக இருக்கிறதே என்று வீட்டைக் கழுவிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம், கழிப்பறைக்குப் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அருப்புக்கோட்டையில் பார்த்த டாக்டர்கள் எல்லோரும் ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். எல்லா ரிப்போர்ட்டிலும் ஒன்றுமில்லை என்றே வந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் என் கணவர் முகம் மலரும். நான் மனசுக்குள் குறுகிப்போவேன். ஏதாவது ஒரு நோய் என்று எழுதியிருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். பேர் இல்லாத நோவோடு படுத்திருப்பவளைப் பார்க்கிறவர்களுக்கு அவள் சோம்பேறியாகத்தானே தெரிவாள்? முகம் வாடவில்லை, எடை குறையவில்லை. "ஆளு நல்லாத்தான இருக்கா" என்று ஜன்னலுக்கு வெளியே பேசிக்கொண்டு போவது எனக்கே கேட்டது.

அவர் காலையில் சோறு வடித்து, குழம்பு வைத்து, கடைக்குப் போவார். குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு ஓடிவந்து குடங்களை வரிசையில் வைப்பார். வரிசையில் நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள், அவரும் கூடச் சிரிப்பார். மத்தியானம் வந்து எனக்குச் சாப்பாடு போட்டுக் கொடுப்பார். அந்தத் தட்டை வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். கை கழுவக்கூட எழுந்திருக்க முடியாமல் தட்டிலேயே கழுவுவேன். ஒருநாள் அழுதுவிட்டேன்.

"எனக்கு நீ செய்யலையா? என்னமோ ஊரான் செய்யிற மாதிரி அழுவுற" என்றார். அதற்குப் பிறகு அவர் முன்னால் அழுவதை நிறுத்திக்கொண்டேன்.

மகள் மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தாள். அவள்தான் விசாரித்து, வலிக்கென்றே வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரிடம் எங்களை வரச் சொன்னாள். அந்த டாக்டரம்மா நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகிறது, இது உங்கள் கற்பனை இல்லை என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குப் பாதி வலி போனது போல இருந்தது.

பிறகு ஒரு மாத்திரையைப் பற்றிச் சொன்னார். "இது குடியை நிறுத்த நினைக்கிறவங்களுக்குக் கொடுக்கிற மாத்திரை. அதையே ரொம்பக் குறைஞ்ச அளவுல கொடுத்தா சிலருக்கு வலியும் அசதியும் மட்டுப்படுது. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். முயற்சி பண்ணிப் பாக்கலாம்." அந்தச் சின்ன அளவில் மாத்திரை கடையில் கிடைக்காது என்பதால், தண்ணீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் எப்படி அளந்து குடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார்.

திரும்பும் வழியில் அருப்புக்கோட்டையில் இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் ஒரு மருந்துக் கடைக்குப் போனோம். என்னால் நிற்க முடியவில்லை. பக்கத்து ஜவுளிக்கடைப் படியில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டேன். மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டுச் சத்தமாக, "இது குடிய விடுறதுக்கான மாத்திரையாச்சே, யாருக்கு?" என்று கேட்டாராம். எங்கள் ஊரில் டிராக்டர் வைத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் நின்று இருமல் மருந்து வாங்கிக்கொண்டிருந்தாராம். என் கணவர் சட்டென்று, "எனக்குத்தான்" என்று சொன்னாராம். சீட்டில் இருந்தது என் பெயர். கடைக்காரர் அதைக் கவனிக்கவில்லையோ, மானத்துக்காகப் பெண்டாட்டி பேரில் எழுதி வாங்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாரோ, தெரியாது.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. மாத்திரையைக் கரைத்துக் குடிக்கத் தொடங்கினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கன்னாபின்னாவென்று கனவுகள் வந்ததுதான் மிச்சம். பிறகு மெல்ல உறக்கம் பிடித்தது. ஒருநாள் காலையில் தலை சீவி முடித்த பிறகுதான் உணர்ந்தேன், நடுவில் கையைக் கீழே போட்டு இளைப்பாறவே இல்லை. வலி போய்விடவில்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் கடையில் போய்ச் சற்று நேரம் உட்கார முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் எம்.ரெட்டியபட்டியிலிருந்து என் கணவரின் அக்கா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் உயர்ந்திருந்தது.

"ஒரு சொட்டு வாயில ஊத்தாதவன். அவனையும் குடிகாரனா ஆக்கிட்டீல்ல?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யாரச் சொல்றீக மயினி?"

"என் தம்பியத்தான். மாத்திரை வாங்கித் திங்கிற அளவுக்குக் குடிச்சிருக்கான்னா எம்புட்டுக் குடிச்சிருப்பான்? பொண்டாட்டி எந்நேரமும் படுத்தே கெடந்தா ஆம்பள என்ன செய்வான்?"

பேசிக்கொண்டே மதினி அழுதார். அவர் போன பிறகு, கடையிலிருந்து வந்தவரிடம் கேட்டேன். மருந்துக் கடையில் நடந்ததை அப்போதுதான் சொன்னார்.

"ஏன் அப்பிடிச் சொன்னீக?"

"வேற என்னத்தச் சொல்ல? உனக்குன்னு சொன்னா பொம்பள குடிக்கிறான்னு பேசுவாக. அவுகளுக்கு வலி, அசதின்னு விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்க முடியுமா? ஆம்பள குடிச்சுட்டு விட்டான்னா அதுல ஒரு மரியாதகூட உண்டு."

"நான் போயி எல்லார்ட்டயும் சொல்லிர்றேன்."

"நீ சும்மா இரு. உனக்கு நல்லாருக்கா, அதப் பாரு."

நல்லாத்தான் இருந்தது. அதுதான் என்னைத் தின்றது. காலையில் வலி இல்லாமல் காலை ஊன்றும்போதெல்லாம் கெட்டுப்போன அவர் பெயர் நினைவுக்கு வரும். மருந்து கேட்காமல் போயிருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன். நான் நிமிர்ந்து நடக்க நடக்க, ஊர் அதையும் அவர் கணக்கில் எழுதியது. அவர் குடியை விட்டதால்தான் நான் தேறினேனாம்.

பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் ஊர் அம்மன் கோவிலில் அவர் வருஷா வருஷம் காப்புக் கட்டி அக்கினிச் சட்டி எடுப்பார். அந்த வருஷம் என்னாலும் கோவில் வரை நடக்க முடிந்தது. காப்புக் கட்டுகிறவர்கள் ஈர வேட்டியோடு வரிசையில் நின்றார்கள். இவர் முறை வந்ததும், மஞ்சள் கயிறு வைத்திருந்த பெரியவர் கையை நிறுத்தினார்.

"ஏப்பா, கேக்குறேன்னு தப்பா நெனைக்காத. விட்டுட்டியா?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பெண்கள் பக்கம் நின்றேன். ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், லேசாகத் தலையசைத்தார்.

"விட்டுட்டேன் மாமா" என்றார்.

பெரியவர் கயிற்றைக் கட்டினார். "ஆத்தா காப்பாத்துவா" என்று திருநீறு பூசினார். பக்கத்தில் இருந்த ஒருத்தி என் தோளைத் தடவிக்கொடுத்தாள். அவர் விட்டதாகச் சொன்னது அவர் ஒருநாளும் தொடாதது. அம்மனுக்கு முன்னால் நின்று சொன்ன அந்தப் பொய் என் உடம்புக்காக. சட்டி எடுத்து அவர் வருவதை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை, பொங்கலுக்கு வந்திருந்த மதினியை அடுப்படிக்குள் கூட்டிப்போய் எல்லாவற்றையும் காட்டினேன். மருந்துச் சீட்டு, அதில் என் பெயர், கரைத்து வைத்த பாட்டில், சிரிஞ்சு. மதினி முன்னாலேயே அளந்து குடித்தும் காட்டினேன். "அவுக குடிச்சதே இல்ல மயினி. இது எனக்கு எழுதிக் குடுத்த மாத்திரை. என்னையக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொல்லியிருக்காக."

மதினி என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

"புருசன் பேரு கெடக் கூடாதுன்னு அவன் மாத்திரைய நீயே முழுங்கிக் காட்டுறியே. உன்னையப் போயித் தப்பாப் பேசிப்புட்டனே தாயி."

எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. அன்று சாயங்காலமே அந்தக் கதையையும் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். எனக்கு நல்ல பெண்டாட்டி என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், கடையில் நான் இருக்கும்போது பருத்தி எடுக்கப் போகிற ஒரு பெண் வந்தாள். சாமான் எதுவும் கேட்கவில்லை. ஆட்கள் போகட்டும் என்று தூணோரம் நின்றிருந்துவிட்டு, என் கணவரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, நீங்க எப்பிடி விட்டீக? எங்க வீட்டுக்காரருக்கும் அதச் சொல்லுங்கண்ணே. யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாரு. நீங்க சொன்னாக் கேப்பாரு. நீங்களும் குடிச்சு விட்டவுகதான?"

அவர் என்னைப் பார்த்தார். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கன்றிப்போயிருந்தது.

"சாயங்காலம் அவனக் கடைக்கு வரச் சொல்லு தாயி" என்றார்.

வந்தவனிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் கடைக்குப் பின்னால் நின்று பேசினார்கள். மறுநாளே அருப்புக்கோட்டை அரசு ஆஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிப்போனார். அவன் கொஞ்ச நாள் விட்டான். மறுபடி குடித்தான். மறுபடி இவர் தேடிப் போனார். என் மாத்திரையை அவனுக்குக் கொடுத்துவிடலாமா என்று அறியாமல் நான் கேட்டதற்கு, "அதெல்லாம் டாக்டர் பாத்துத்தான் குடுக்கணும்" என்று கோபப்பட்டார்.

"உண்மையச் சொல்லிருவோம்ங்க. பொய்யச் சொல்லி ஒருத்தனத் திருத்துறது பாவமில்லையா?" என்றேன் ஒருநாள்.

"இப்பச் சொன்னா, இவனுக்கென்ன தெரியும்னு நெனச்சுருவான். அவன் எம்பக்கத்துல ஒக்காந்து அழுவுறதே நானும் அவன மாதிரின்னு நெனச்சுத்தான்."

அவர் சுமப்பதை இறக்கி வைக்க எனக்கு வழி தெரியவில்லை. இறக்கினால் இன்னொருத்தி வீட்டில் என்ன விழுமோ என்று பயமாக இருக்கிறது.

மாதாமாதம் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நாளில் எனக்கான மாத்திரையையும் அவரே வாங்கி வருவார். கடையை நான் பார்த்துக்கொள்வேன். நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து, மத்தியானம் வரை ஒப்பேற்றிவிட முடிகிறது. போன தடவை அப்படி இருந்தபோது, காப்புக் கட்டிய அந்தப் பெரியவர் வெல்லம் வாங்க வந்தார்.

"எங்க மாப்பிள்ளையக் காணோம்?"

"அருப்புக்கோட்டைக்குப் போயிருக்காக, மாத்திரை வாங்க."

"நல்லது தாயி. நடுவுல விட்டுறாமச் சாப்பிடச் சொல்லு."

வெல்லத்தைத் தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

"சொல்றேன் மாமா" என்றேன்.